அலுமினிய ரேடியேட்டருக்கு மூடியும் பிளக்கும் வாங்கப் போகுமுன்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டின் மேலேயே என் ரேடியேட்டர் பட்டறை. அப்பா காலத்தில் வந்ததெல்லாம் செம்பும் பித்தளையும்தான். ஒழுகினால் ஈயம் வைத்துப் பற்றவைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழ் நின்றுவிட்டதா என்று பார்த்து அனுப்பிவிடுவார். இன்று வருவதில் பெரும்பாலானவை அலுமினியம். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள்கூட பித்தளையைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் ஒன்றைத் தருவித்துக்கொண்டு வருகிறார்கள். ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கும். மூடி, பிளக், நிப்பிள், ஃபேன் சுவிட்ச் இவற்றை மட்டும் கைக்குக் கிடைத்த கடையில் வாங்கி மாட்டிவிட்டு, கல்லாறு தாண்டி இரண்டு கொண்டை ஊசி ஏறுவதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிற்பார்கள்.

முதலில் மூடி. "ஏனுங்க மாஸ்டர், மலை ஏறுற வண்டி, நல்லா பெரிய பவுண்டு மூடியாப் போட்டு உடுங்க" என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். கேட்பதில் பாதி நியாயம் உண்டு. மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் நிற்கிறது. 13 பவுண்டு மூடி, அதாவது சதுர இஞ்சுக்கு 13 பவுண்டு அழுத்தம் வரை பிடிப்பது என்றால், இங்கே அடிவாரத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் மூடி பிடிக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே 13 பவுண்டு மூடி அங்கே 115 டிகிரி அளவுக்குத்தான் தாங்கும். வண்டி இரண்டாம் கியரில் இழுத்துத் திணறும் இடத்திலேயே நமக்கு மூன்று நாலு டிகிரி குறைந்துபோகிறது. அதற்காகப் பெரிய மூடி போட்டால் கொதிப்பது தள்ளிப்போகும், சூடு குறையாது. அடைத்துப்போன கோரையும் (ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாய்ப் பகுதி) தளர்ந்த பெல்ட்டையும் எந்த மூடியும் சரி செய்யாது.

ஆகவே மூடியின் எண்ணை வண்டியில் இருப்பதிலேயே பலவீனமான பாகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். புது அலுமினிய ரேடியேட்டர் 16 பவுண்டைத் தாங்கலாம். அதோடு இணைந்திருக்கும் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் வாட்டர் பம்ப் சீலும் 7 பவுண்டிலேயே வாழ்ந்தவை. அவற்றை மாற்றாதவரை 7 பவுண்டு மூடியையே போடுவேன். எல்லாம் புதிது என்றால் 13 வரை போவேன், அதற்கு மேல் பழைய எஞ்சினுக்கு மாட்டமாட்டேன். இப்போதைய கார் என்றால் கம்பெனி சொன்ன எண்தான், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மூடியில் 0.9 என்றோ, 88 என்றோ, 13 என்றோ அடித்திருந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றேதான், அலகுதான் வேறு. 1.1, 108, 16 மூன்றும் அதேபோல.

எண்ணைவிட அதிகம் பேர் தவறுவது கழுத்தின் ஆழத்தில். வாய் விளிம்பிலிருந்து உள்ளே மூடியின் ரப்பர் உட்காரும் மேடை வரை வெர்னியரின் ஆழக்கம்பியை இறக்கி அளந்து பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் பெரிய மூடிகளில் முக்கால் இஞ்சு, அதாவது 19 மில்லிமீட்டர், ஒரு வகை. ஒரு இஞ்சு, 25 மில்லி, இன்னொரு வகை. ஜப்பானிய வண்டிகளுக்கு வாயே சிறுத்த மூடியும் உண்டு. நீளக்கால் மூடியை ஆழமில்லாத கழுத்தில் திணித்தால் ஸ்பிரிங் கூடுதலாக நசுங்கி, 13 பவுண்டில் திறக்க வேண்டியது அதற்கு மேல் போகும். குட்டைக்கால் மூடியை ஆழக் கழுத்தில் போட்டால் ரப்பர் மேடையைத் தொடவே தொடாது. மேலே அழகாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே அழுத்தமே நிற்காது, தண்ணீர் முழுக்க பக்கத்திலுள்ள ரிசர்வ் பாட்டிலுக்குப் போய்க் கொட்டும். பார்க்கிறவர் எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரித்துவிடுவார். அப்படிப் பிரித்துக் கிடந்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. மூடி மாற்றியதோடு சரியாகிப்போனபோது வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ரிசர்வ் பாட்டில் உள்ள வண்டி என்றால் மூடியைத் திருப்பிப் பாருங்கள். கீழே ஒரு ரப்பர், தலைக்கு அடியில் இன்னொரு ரப்பர், இரண்டும் இருக்க வேண்டும். மேல் ரப்பர் இல்லாத பழைய வகை மூடி சூட்டில் தண்ணீரைப் பாட்டிலுக்குத் தள்ளிவிடும். ஆறும்போது தண்ணீரைத் திரும்ப உறிஞ்சாமல் கழுத்து வழியே காற்றை இழுத்துக்கொள்ளும். பாட்டிலுக்குள் ஹோஸ் முனை அடிவரை முங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் ஹோஸைக் கையால் தயங்காமல் பிடித்து அமுக்க முடிகிற அளவு ஆறும்வரை மட்டும் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

அடுத்தது பிளக். இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். கோத்தகிரிக்காரர் ஒருவரின் ஜீப்புக்கு வெளிநாட்டு அலுமினிய ரேடியேட்டர். ஃபேன் சுவிட்சுக்கு விட்டிருந்த அரை இஞ்சு ஓட்டையை அடைக்க, பக்கத்துக் கடையில் பைப்புக்குப் போடும் பித்தளைப் பிளக் வாங்கி, டெஃப்லான் டேப் சுற்றித் திருகினேன். மூன்று சுற்று சுகமாகப் போயிற்று. பர்லியார் போவதற்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்ததும் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். ஓட்டையைச் சுற்றியிருந்த வெல்டிங் விரிந்துபோயிற்று. புது ரேடியேட்டரில் என் கையால் வந்த விரிசல் அது. மறுபடி டிக் வெல்டிங் வைத்து என் செலவில் சரி செய்து கொடுத்தேன்.

பிசகு மரையில், அதாவது திருகுப் பல்லில். நம் ஊர்க் குழாய்ச் சாமானெல்லாம் பி.எஸ்.பி. மரை, பல்லின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க அளவில் செய்த ரேடியேட்டர்களில் என்.பி.டி. மரை, 60 டிகிரி. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 பல். அதனால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும், ஆனால் பல்லோடு பல் ஒட்டாது. கால் இஞ்சில் என்.பி.டி.க்கு 18 பல், பி.எஸ்.பி.க்கு 19; அரைக்கால் இஞ்சில் 27, 28 என்பதால் சீக்கிரம் இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய, ஐரோப்பிய வண்டிகளில் நுனி சிறுக்காத நேர்மரையாக எம்14, எம்16, எம்22 வரும், பெரும்பாலும் 1.5 பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் ஒன்றரை மில்லிமீட்டர். பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. என்.பி.டி. போல நுனி சிறுத்துப் போகும் சாய்வு மரைக்கு டேப் இரண்டு மூன்று சுற்று போதும். நேர்மரைக்கு டேப் உதவாது. அங்கே அடைப்பது வாஷரோ ஓ-ரிங்கோதான். கையால் எவ்வளவு போகிறதோ அவ்வளவு போனபின், ஸ்பேனரால் ஒன்று ஒன்றரைச் சுற்றுக்குமேல் சாய்வு மரையை இழுக்காதீர்கள். அலுமினியம் பித்தளையைப்போல் பொறுத்துக்கொள்ளாது.

கிடைத்தால் அலுமினியப் பிளக்கே வாங்குங்கள். பித்தளை அலுமினியத்தோடு ஈரத்தில் கூடினால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். சென்சார்கள் பித்தளையில்தான் வருகின்றன, அதைத் தவிர்க்க முடியாது. நல்ல கூலன்ட் இருந்தால் அரிப்பு கட்டுக்குள் நிற்கும். போர் தண்ணீர் ஊற்றினால் நிற்காது, அதிலுள்ள உப்பு புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிமினரலைஸ்டு வாட்டர் பாதி.

ஃபேன் சுவிட்ச் ஒற்றை ஒயர் வகையாக இருந்தால் அது ரேடியேட்டர் வழியாகத்தான் எர்த் எடுக்கும். அலுமினிய ரேடியேட்டரோ ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும்; உட்கார வேண்டியதும் அப்படித்தான். அதனால் இரண்டு ஒயர் சுவிட்ச் வாங்குங்கள். ஃபேனின் எர்த் ஒயரை ஒருபோதும் ரேடியேட்டரில் கட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் வண்டி ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வைத்து, ஃபேன், லைட் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எங்கோ எர்த் கெட்டிருக்கிறது.

ஹோஸ் வாய் 32, 35, 38 மில்லி என்று மாறும். எஞ்சின் பக்கம் ஒரு அளவு, ரேடியேட்டர் பக்கம் வேறு அளவு என்றால் இரண்டு முனையும் வேறு வேறாகச் செய்த ஹோஸ் கிடைக்கும், இழுத்து மாட்டாதீர்கள். வாயில் சுற்றிலும் புடைப்பு இல்லாமல் வழவழவென்று இருந்தால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்று வரும், அந்த ரேடியேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் பிரஷர் டெஸ்டரைக் கழுத்தில் பூட்டி, மூடியின் எண் அளவுக்குக் காற்றடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முள் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு பிளக்காகப் பாருங்கள். இறங்காமல் நின்றால் முதலில் கல்லாறு வரைக்கும் போய்த் திரும்புங்கள். வண்டி ஆறிய பிறகு பாட்டிலில் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து ஊற்றிவிட்டு, மறுநாள் குன்னூர் ஏறலாம்.