ஒரு அடிக்குக் கீழே

நாமக்கல் பக்கம் எங்களுக்கு இரண்டு செவ்வல் காடுகள், அதாவது செம்மண் நிலங்கள். மண் பரிசோதனைச் சீட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கீழக்காட்டில் சோளம் வருசா வருசம் பாதிதான் விளையும். உரத்தைக் கூட்டிப் பார்த்தேன், காசுதான் போனது. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கூப்பிட்டேன்.

"சீட்டை மடிச்சு வை கண்ணு, குழி வெட்டு" என்றார். பரிசோதனைக்கு நான் எடுத்துக் கொடுத்தது மேல் 15 செ.மீ. மண்தானே! ஒரு அடியில் கடப்பாரை ணங்கென்றது. வேரெல்லாம் அங்கேயே பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. மண்ணைக் கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு, "மேக்காடு பதினாறணான்னா இது ஒம்பதணா" என்று, முழு ரூபாய்க்குப் பதினாறணா என்ற பழைய கணக்கில் மதிப்புப் போட்டார்.

கோடையில், அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணைப் பிளக்கிற உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். அடுத்த போகம் பன்னிரண்டணா தேறியது. மீதி நாலணாவுக்குத் தொழுவுரம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.