அறக்குளாவும் தோராவும் ஒரே மீன்தான் என்று கணினிக்குச் சொல்வது எப்படி

திருகோணமலையில் மீன் வாங்கி ஹோட்டல்களுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் பில்லில் அறக்குளா என்று எழுதுவார், கொழும்பு ஓடரில் தோரா என்று வரும், ஆங்கிலக் கடிதத்தில் சீர் ஃபிஷ் என்றிருக்கும். கணினிக்கு அது மூன்று பொருள், அதனால்தான் மாதக் கடைசியில் கையிருப்புக் கணக்கு உதைக்கிறது.

மென்பொருள் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள் (ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓவின் மூன்றெழுத்துக் குறியீடே போதும், அறக்குளாவுக்கு சிஓஎம்), பக்கத்தில் முதன்மைப் பெயர், அடுத்து மற்றப் பெயர்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் வெளியிட்ட, சொற்பட்டியல்களுக்கான ஸ்கோஸ் தரநிலையும் இதைத்தான் கேட்கிறது: ஒரு கருத்துக்கு ஒரு மொழியில் ஒரே முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர் எத்தனையும் இருக்கலாம்.

பெயர்களை நீங்களே யோசித்து நிரப்பாதீர்கள். தராசடியில் வருடக்கணக்காக நிற்கும் அண்ணனிடம் தேநீரோடு உட்கார்ந்து கேளுங்கள். எந்த மீனுக்குப் பதில் எதை அனுப்பலாம் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதையும் ஒரு உறவாக எழுதிவையுங்கள்.

சரி, தாள் நிரம்பியதும் கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் பதிந்துவைக்கும் இலவச மென்பொருளான புரொட்டெஜேயில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் பில்களையும் அதே குறியீட்டோடு சேர்த்துவிட்டால், ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில், தோரா என்று தேடினாலும் அறக்குளா பில்லும் சேர்ந்தே வரும்படி கேள்வி எழுதலாம்.