ரவர், போன், வெயில், வெல்டிங்: எந்தக் கதிருக்கு எவ்வளவு கவனம்?

ஊரில் புதிதாக ஒரு போன் ரவர் எழும்பினால் முதல் கேள்வி, "புற்றுநோய் வருமோ?" என்பதுதான். கேட்பவர்களே பதினொரு மணி வெயிலில் வெறுந்தலையோடு களை பிடுங்குவார்கள், வெல்டிங் கடை வாசலில் நின்று நெருப்புப் பொறியை வேடிக்கை பார்ப்பார்கள். பயம் இடம் மாறி நிற்கிறது. அதைச் சரியான இடத்துக்கு நகர்த்த அளவுக்கருவி எதுவும் வேண்டாம். உங்கள் போனும் உங்கள் நிழலும் போதும்.

படி 1: கதிரைப் பிரித்தறியுங்கள்

எக்ஸ்ரே, காமாக் கதிர்கள் அணுவிலிருந்து இலத்திரனையே பிடுங்கிவிடும். அவை அயனாக்கும் கதிர்கள். ரேடியோ, போன், வைஃபை, நுண்ணலை, வெளிச்சம், வெயிலோடு வரும் கழியூதா (யூவி) எல்லாம் அயனாக்காத பக்கம். ஆனால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 1800 மெகாஹேர்ட்ஸ் போன் அலையின் ஒரு துணிக்கைக்கு ஏறத்தாழ 0.0000074 இலத்திரன்வோல்ட் (மிகச் சிறிய சக்திகளை அளக்கும் அலகு) சக்தி. கழியூதாவில் ஒரு வகையான 'பி' கதிருக்கு ஏறத்தாழ 4. உடலில் உள்ள மூலக்கூற்றுப் பிணைப்பை உடைக்கச் சில இலத்திரன்வோல்ட் வேண்டும். ஆகவே போன் அலையால் மரபணுவை நேராக உடைக்க முடியாது. அதன் உறுதியான விளைவு சூடாக்குவதுதான். கழியூதாவோ மரபணுவை நேராகவே சேதப்படுத்தும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ரேடியோ அலைகளை 2011இல் '2பி' பிரிவில் போட்டது. "இருக்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு" என்பது அதன் பொருள். வெயிலை 1992இலேயே முதலாம் பிரிவில், அதாவது உறுதியான காரணி என்று வைத்துவிட்டார்கள். வெல்டிங் ஒளியின் கழியூதாவும் முதலாம் பிரிவுதான்.

படி 2: ரவருக்குக் கணக்குப் போடுங்கள்

அன்ரனா அனுப்பும் வலுவை 4 × 3.14 × தூரம் × தூரம் என்பதால் பிரியுங்கள், ஒரு சதுர மீற்றரில் எவ்வளவு கதிர் விழுகிறது என்பது வரும். 20 வாட் அனுப்பும் அன்ரனா அதை ஒரு பக்கமாகக் குவிப்பதால், அந்தத் திசையில் 1000 வாட்போல வேலை செய்யும் என்று வைப்போம். 200 மீற்றரில் சதுர மீற்றருக்கு 0.002 வாட். 900 மெகாஹேர்ட்சில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீற்றருக்கு 4.5 வாட். ரவரில் அப்படிப் பத்து அன்ரனா ஒரே பக்கம் பார்த்தாலும் வரம்பில் இருநூறில் ஒரு பங்குதான் வரும்.

ரவரின் அடியில் வீடு என்றால் இன்னும் மோசம் என்று நினைப்பது பிழை. அன்ரனாவின் கதிர் ரோர்ச் வெளிச்சம்போலக் கிடையாகப் போகும், கொஞ்சம்தான் கீழே சாய்ந்திருக்கும். அடிவாரத்தில் பெரும்பகுதி தலைக்கு மேலாலேயே போய்விடும். ஆபத்து மேலே ஏறி அன்ரனாவின் முகத்துக்கு முன்னால் சில மீற்றருக்குள் நிற்பவருக்குத்தான்.

படி 3: போனில் சிக்னலைப் பாருங்கள்

ரவர் தூரமாக இருந்தால் நல்லது என்று எண்ணுவோம். நடப்பது தலைகீழ். ரவருக்கு எட்டவேண்டும் என்பதற்காக, சிக்னல் குறையக் குறைய உங்கள் காதோரப் போன் தன் வலுவைக் கூட்டும். 4ஜியில் உச்சம் 0.2 வாட். பழைய 2ஜியில் துடிப்பு 2 வாட், சராசரி 0.25 வாட்.

அன்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ், எபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால், சிக்னலின் வலுவைச் சொல்லும் டிபிஎம் கணக்கு தெரியும். 4ஜியில் -90 நல்லது, -110 மோசம். அந்த 20 வித்தியாசம் என்பது நூறு மடங்கு. தகரக் கூரையும் தகரச் சுவரும் உள்ள வீட்டுக்குள் ஒருதரம் பாருங்கள், பிறகு முற்றத்து வேம்பின் கீழ் வந்து பாருங்கள். கிடுகு வேய்ந்த கொட்டில் அவ்வளவு தடுக்காது.

இலக்கம் மோசமென்றால் வெளியே வந்து பேசுங்கள், அல்லது ஸ்பீக்கரில் போட்டு 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் அனுப்புங்கள். கதிரைத் தடுக்கும் என்று விற்கும் ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கவேண்டாம். அது உண்மையாகவே தடுத்தால் போன் இன்னும் கூட்டித்தான் அனுப்பும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனை 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கவேண்டும், சட்டையின் நெஞ்சுப் பையில் போடக்கூடாது.

வைஃபை ரவுட்டர் 0.1 வாட். ஒரு மீற்றரில் வரம்பின் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, அதை விடுங்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ட் லைனின் கீழ் நடந்தால் கதிரால் பயமில்லை. நீளமான இரும்புக் கொக்கத்தடியோடு நடந்தால்தான் பயம்.

படி 4: நிழலை அளவுங்கள்

நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருந்தால் கழியூதா கடுமையாக இருக்கிறது. கிளிநொச்சியில் சித்திரை வருடப்பிறப்பையொட்டி, நண்பகல் 12 மணி கடந்து பத்து நிமிடமளவில், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியை அண்டி இன்னொரு தடவை. அந்த நாட்களில் கழியூதாச் சுட்டி (கழியூதாவின் கடுமையைச் சொல்லும் எண்) 11ஐத் தாண்டும். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சூட்டை வைத்துக் கழியூதாவை மதிப்பிடக்கூடாது. மெல்லிய மப்பு அதில் பெரும்பகுதியை விட்டுவிடும். முல்லைத்தீவுக் கடற்காற்றில் உடம்பு குளிர்ந்தாலும் தோல் வேகும். களை பிடுங்கல், வலை உலர்த்தல் போன்ற வேலைகளை முடிந்தவரை காலை 10 மணிக்கு முன்னும் பின்னேரம் 3க்குப் பின்னும் வையுங்கள். முடியாவிட்டால் சுற்றிலும் 8 சென்ரிமீற்றர் விளிம்புள்ள பனையோலைத் தொப்பியும் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பருத்தித் துணி நனைந்தால் கூடுதல் கதிரை உள்ளே விடும்.

கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பது சரி. ஆனால் அந்தக் கறுப்பு கண்ணைக் காக்காது. கண்புரையும், வெள்ளை விழியில் சதை வளர்வதும் வயலிலும் கடலிலும் நாளெல்லாம் நிற்பவர்களைத் தேடி வரும். கண்ணாடி வாங்கும்போது 'யூவி 400' என்ற குறியைப் பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடியால் கண்மணி விரிந்து, உள்ளே போகும் கழியூதா கூடிவிடலாம்.

படி 5: வெல்டிங் ஒளியிலிருந்து தள்ளி நில்லுங்கள்

லாண்ட்மாஸ்டர் பெட்டி ஒட்டும் 100 அம்பியர் வேலைக்கு 10 அல்லது 11 இலக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி வேண்டும். கூலிங் கிளாசோ எக்ஸ்ரே பிலிமோ அதற்கு ஈடாகாது. பற்றவைத்துப் பார்க்கும் அந்தச் சிறு பொறிக்குக்கூட முகமூடியை இறக்குங்கள். கண் சுடுவது பெரும்பாலும் அப்போதுதான். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் பூட்டுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தகரம் ஒன்றை மறைப்பாக நிறுத்துங்கள்.

கண் சுட்டால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். கசக்கவேண்டாம். கொன்ராக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றி, குளிர்ந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வைத்து இருட்டறையில் படுங்கள். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சீவல் எதையும் கண்ணில் வைக்கவேண்டாம், காயப்பட்ட விழியில் கிருமி தொற்றும். யாரோ வைத்திருக்கும் மரக்கச் செய்யும் சொட்டுமருந்தையும் திரும்பத் திரும்ப விடக்கூடாது. நோவு தெரியாமலே கருவிழி கெட்டுப்போகும். ஒரு நாளில் குறையத் தொடங்கி இரண்டு நாளில் மாறும். ஒரு நாள் கழிந்தும் குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், வெல்டிங் ஒளி பட்டது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.