தோட்டப்புற மண்டபத்தில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரை அறிமுகப்படுத்துவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஓவிய நிகழ்ச்சி என்றாலே மாணவர்களுக்கான வண்ணம் தீட்டும் போட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஓர் ஓவியரின் படைப்புகளை ஊரார் கூடி அமர்ந்து நிதானமாகப் பார்த்துப் பேசும் நிகழ்ச்சியைத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய நிர்வாகமோ பெரிய செலவில்லாமல் நடத்த முடியும். அப்படி நடத்த விரும்புவோர் முதலில் சென்னையின் நவீன ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நவீன ஓவியம் நமக்கு விளங்காது என்று ஒதுங்கி நிற்பவர்கூட, அவருடைய ஓவியத்தின் முன் நின்றால், தம் வீட்டு அலமாரியில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் ஜாதகத்தின் கட்டத்தை அங்கே கண்டுகொள்வார்.

வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டாம். பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, வகித்த பதவி என்று அடுக்கிக்கொண்டே போனால், படம் திரைக்கு வருவதற்குள் கேட்பவர்களின் கவனம் கலைந்துவிடும். ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசையிலிருந்து ஒரே ஓர் ஓவியத்தைத் திரையிட்டு, ஓவியரின் பெயரைக்கூடச் சொல்லாமல், சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிடுங்கள். 1963 முதல் பணிக்கர் தீட்டிவந்த இந்த ஓவியங்களில், மலையாள எழுத்தைப் போலத் தோன்றினாலும் வாசிக்க முடியாத வரிகளும், கணிதக் குறிகளும், அட்டவணைகளும், ஜாதகக் கட்டங்களும், சிறுசிறு உருவங்களும் பரப்பெங்கும் நிறைந்திருக்கும்.

“இதற்கு என்ன பொருள்?” என்று கூட்டத்தைக் கேட்காதீர்கள், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்தில் அனைவரும் வாய்மூடிவிடுவார்கள். “இதில் உங்களுக்குத் தெரிந்தது எது?” என்று கேளுங்கள். முதியவர்கள் கட்டத்தைச் சுட்டுவார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்கைச் சுட்டுவார்கள். பெரட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் காலை அணிவகுப்பில், பெயர் வாசிக்கக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த அட்டவணைக் கோடுகள் வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகத்தை நினைவூட்டக்கூடும். இவை எல்லாமே சரியான தொடக்கங்கள் என்பதால் எதையும் திருத்தாமல் வெண்பலகையில் எழுதிவையுங்கள்.

இந்தப் பகுதி சிறக்க வேண்டுமானால், நிகழ்ச்சிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, பழைய ஜாதகம், பஞ்சாங்கம், பிள்ளைகளின் கணிதப் பயிற்சிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவருமாறு குடும்பங்களிடம் சொல்லி, அவற்றைத் திரைக்கு அருகே ஒரு மேசையில் விரித்துவைக்க வேண்டும். ஜாதகத்தில் பிறந்த நாளும் நேரமும் இருக்கும் என்பதால், பெயர் தெரியும் பகுதியைத் தாளால் மறைத்து, நிகழ்ச்சி முடிந்ததும் உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். கணிதப் புத்தகத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாணவர் ஒருவரின் கணிதக் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் கோடுகளும் அமைந்திருந்த விதமே இந்த வரிசைக்குத் தம்மைத் தூண்டியது எனப் பணிக்கரே குறிப்பிட்டிருக்கிறார். சோதிடம் அறிந்த யாரேனும் திரையிலுள்ள கட்டத்தைப் பலன் பார்க்கும் நோக்கில் வாசிக்க முற்படலாம். அவரைத் தடுக்காமல் முயலவிடுங்கள். பலன் எதுவும் கிடைக்காத இடத்தில்தான், பயன்பாட்டிலிருந்து விடுபட்ட குறி தன் வடிவத்தாலும் நிறத்தாலும் மட்டுமே நிற்க முடியும் என்பதை விளக்குவது எளிதாகும்.

வாழ்க்கையைப் பற்றி இதற்குப் பிறகு பேசலாம். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித்துறையில் வேலைக்குச் சேர்ந்து, 1936இல், ஏறக்குறைய 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளி மாணவரானார். மூத்த பிள்ளை படிப்பை விட்டுப் பால்மர (ரப்பர்) காட்டுக்குப் போன கதை இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. ஆகவே இந்த இடத்தில் சற்று நின்று பேசுங்கள். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்ததையும், 1957 முதல் 1967 வரை, தாம் பயின்ற அதே நிறுவனத்தின் முதல்வராக இருந்ததையும், 1977இல் மறைந்ததையும் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்குங்கள். ஓவியம் விற்று வாழ முடியாத காலத்தில், பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் அக்கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் நம் நாட்டில் அன்றாடம் காணும் துணி. அதே மெழுகும் சாயமும் ஓர் ஓவிய இயக்கத்துக்கு நிலம் வாங்கித் தந்தன என்னும் செய்தியை மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சிறு துணியில் அவர்களே ஒரு கட்டத்தை வரைந்து பார்க்கட்டும். மெழுகைச் சூடாக்கும் வேலை மட்டும் பெரியவர்களிடமே இருக்க வேண்டும்.

மண்டபத்தைப் பொறுத்தவரை, தகரக் கூரையானால் மாலை மழையின் ஓசையில் பேச்சு கேட்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையே நல்லது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டாவிட்டால் திரையில் வண்ணங்கள் வெளிறிவிடும். ஒவ்வொரு படத்தின் கீழும் அசல் ஓவியத்தின் நீள அகலத்தை எழுதிக் காட்டி, அந்த அளவைச் சுவரில் நாடாவால் ஒட்டிவையுங்கள். பணிக்கரின் படைப்புகளுக்கு இந்தியச் சட்டப்படி, மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆகவே உரியவர்களின் அனுமதியின்றி அட்டையாகவோ நாட்காட்டியாகவோ அச்சிட்டு விற்கக் கூடாது.

அடுத்த நிகழ்ச்சிக்கு, சென்னையில் ஓவியம் பயின்று மலேசியாவில் ஓவியராக நிலைபெற்ற சையத் தாஜுதீனை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களைக் கோலாலம்பூரிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், அவருடைய ஓவியம் அப்போது காட்சியில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகே பேருந்துக்கு முன்பணம் கொடுங்கள்.