மலையேற்றப் பாதையைத் திறக்கும் முன்: பாதுகாப்புக் கலந்தாய்வு நடத்தும் முறை

பாதுகாப்பு விதிகளை முழுவதுமாக எழுதி முடித்துவிட்டு, ஒப்புதல் கையெழுத்துக்காக ஊராரைக் கூட்டுவது கலந்தாய்வு ஆகாது. மலையேற்றமோ பரிசல் பயணமோ பாராகிளைடிங்கோ, கட்டணம் வாங்கி நடத்தும் எதுவானாலும், விதியில் இன்னும் மாற்ற இடம் இருக்கும்போதே உரியவர்களைக் கேட்க வேண்டும். மலையேற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024இல் 40 பாதைகளை உள்ளூர் வழிகாட்டிகளின் துணையோடு நடத்தும் திட்டமும் வந்தது. ஆனால் எந்தச் சரிவில் புல் எப்போது காயும், எந்த ஓடையில் மாசிக்குமேல் தண்ணீர் இராது என்பவற்றை மாநிலம் முழுமைக்குமான விதி சொல்லிவிட முடியாது. அது அந்த மலையில் நடமாடுபவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே யாரை அழைப்பது என்பதே முதல் வேலை. வனச்சரகர், தீயணைப்பு நிலைய அலுவலர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோரை எல்லோரும் அழைத்துவிடுவார்கள். விடுபட்டுப் போகிறவர்கள் தீத்தடுப்புக் காவலர்கள், தேன் எடுக்கச் செல்பவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், அடிவாரத்து ஜீப் ஓட்டுநர்கள் போன்றோரே. விபத்து நேர்ந்தால் டோலி கட்டித் தூக்கிவரப் போகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தாம். முன்பு பணம் கட்டி வந்தவர்களில், பாதி வழியில் திரும்பியவர்கள் இரண்டு மூன்று பேரையேனும் தேடிப் பிடியுங்கள்; உச்சியைத் தொட்டவர் குறையைச் சொல்வது அரிது.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. சரகர் முன்னால் தினக்கூலிக் காவலர் வாய் திறக்க மாட்டார். தனக்கு வேலை கொடுக்கும் நிறுவன உரிமையாளர் எதிரில் இருக்கும்போது, ஒரு வழிகாட்டிக்கு 15 பேர் அதிகம் என்று அந்த வழிகாட்டி சொல்ல மாட்டார். முதலில் ஊரிலேயே, அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில், தனித்தனியாகப் பேசுங்கள். பெண் வழிகாட்டிகளையும் பயணிகளையும் தனியே கேளுங்கள். வருவதால் ஒரு நாள் கூலி போகுமானால் அதைக் கொடுத்துவிடுங்கள். சொன்னவர் பெயரை எழுதாமல், சொன்ன செய்தியை மட்டும் பொதுக்கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். “இந்தப் பாதை பாதுகாப்பானதா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்றே பதில் வரும். “கடைசியாக இங்கிருந்து யாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள், எந்த இடத்திலிருந்து, சாலைக்கு வர எவ்வளவு நேரமானது?” என்று கேளுங்கள். ஒரு பெரிய சார்ட் தாளில் பாதையை வரைந்து தரையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள். செல்போன் சிக்னல் அறுந்துபோகும் வளைவு, யானை கடக்கும் தடம், வழுக்குப் பாறை, தீ வந்தால் ஒதுங்கத்தக்க வெற்றுப் பாறைத்திட்டு ஆகியவற்றை அவர்களே குறிக்கட்டும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால், கீழே புகை தெரிந்தால் குழு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே கேட்டு எழுத வேண்டியிருக்கும். இதற்கு மட்டுமே அரை நாள் ஆகலாம், ஆகட்டும்.

அடுத்தது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது. நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு எரிமலையில் 2019 டிசம்பர் 9 அன்று வெடிப்பு நிகழ்ந்தபோது 47 பேர் தீவில் இருந்தனர். 22 பேர் இறந்தனர். எரிமலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே உயர்த்தப்பட்டிருந்தது, சுற்றுலா நிற்கவில்லை. எனவே, எந்த அறிகுறி தெரிந்தால், யார், எத்தனை மணிக்குள் பயணத்தை ரத்து செய்வார், கட்டிய பணத்தை யார் திருப்பித் தருவார் என்பதைக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சு அங்கே சங்கடமாக இருக்கும். ஆனால் அது தீராமல் இருந்தால், காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நிற்கும் வழிகாட்டியால் “இன்று வேண்டாம்” என்று சொல்ல முடியாது.

நடவடிக்கைக் குறிப்பில், வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே ஏற்றதா இல்லையா, ஏன் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். “மூன்றாம் வளைவில் ஒயர்லெஸ் வேண்டும் – ஏற்கப்பட்டது, பாதை திறக்கும் முன் வைக்கப்படும்” என்ற அளவு போதும். அதைத் தமிழில் அச்சிட்டு ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏற்காத கருத்தைச் சொன்னவரிடம், பாதை திறக்கும் முன் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். மழை முடிந்ததும் ஒருமுறை, தை பிறந்து புல் காயத் தொடங்கும்போது ஒருமுறை, அதே சார்ட் தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும்.