யூரியா போட்ட நாலாம் நாளே வெளுத்துப்போன நெல்

மணல் கலந்த வயல். யூரியா போட்டதும் பயிர் கறுகறுவென்று ஏறும், நாலு நாளில் மறுபடி வெளுத்துவிடும். கடைக்காரர் துத்தநாகக் குறைபாடு என்றார், ஜிங்க் சல்பேட் போட்டேன், அசையவில்லை. அப்புறம் இரும்புச் சத்து தெளித்தேன், அதுவும் வீண். இரும்புக் குறை என்றால் குருத்து இலைதானே முதலில் வெளுக்கும்? இங்கே அடியிலைகள் மஞ்சளாகின, அது யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்ததற்கான அடையாளம்.

மூட்டையில் வேம்பு பூசிய யூரியா என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சு, யூரியா அம்மோனியமாக மாறிய பிறகு அது நைட்ரேட் ஆவதைத்தான் மெதுவாக்கும். அதற்கு முன்பே யூரியா தண்ணீரோடு போவதைத் தடுக்காது. வரப்பைக் குனிந்து பார்த்தால் நண்டு வளைகள், பக்கத்து வாய்க்காலுக்கு விடிய விடியக் கசிவு, அந்த வாய்க்கால் ஓரப் புல் மட்டும் என் பயிரைவிடப் பச்சை!

வளைகளைக் களிமண் வைத்து மிதித்து அடைத்தேன். 45 கிலோ மூட்டைக்கு 9 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, வயல் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் தூவினேன். புண்ணாக்கை இடித்துச் சலிப்பது முக்கியம், கட்டியாக இருந்தால் யூரியா அதில் ஒட்டாது.

இப்போது பச்சை நிற்கிறது. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்து போதுமா என்று பார்க்கும் இலை வண்ண அட்டையை வெயிலில் பிடிக்காதீர்கள், நம் நிழலில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும்.