நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம்: வீட்டில் என்ன செய்வது?

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே கரகரங்குது. கண்ணாடியில பாத்தா ஒண்ணுமே இல்ல." கிருஷ்ணகிரியில் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு நன்றாகப் பழகிவிட்டது. கிரானைட் பாலிஷ் பட்டறையில் நிற்பவர், ஓசூர் கம்பெனிக்கு பைக்கில் போய்வருபவர், விறகடுப்பில் சமைக்கும் அம்மா, நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் என்று எல்லோரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். கூடவே "தண்ணி தண்ணியா வடியுது" என்பார்கள். அதனால் கண் வறட்சி என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. உடம்புச் சூடு என்று முடிவுகட்டி விளக்கெண்ணெயைத் தேடுகிறார்கள்.

நீர் வடிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? இது புரிந்துவிட்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் எதற்கு என்று தானாகவே விளங்கும்.

கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் வழவழப்பான சளிப் பூச்சு, நடுவில் நீர், மேலே எண்ணெய். இந்த எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. ரசத்தின் மேல் படர்ந்து நிற்கும் எண்ணெய் போல அது நீரை மூடிக்கொண்டு ஆவியாகாமல் காக்கும். சுரப்பிக்குள் எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், கண் உறுத்தும். அந்த உறுத்தலால் கண்ணீர்ச் சுரப்பி தண்ணீரை மொத்தமாகக் கொட்டும். பிடித்துவைக்க எண்ணெய் இல்லாததால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும், கண் மறுபடி காயும். கண் வறட்சி உள்ளவர்களில் நிறையப் பேருக்குப் பிரச்சினை இந்த எண்ணெயில்தான்.

முதலில், இது வறட்சிதானா என்று பாருங்கள்

சாயங்காலம் ஆக ஆக எரிச்சல் கூடுகிறதா? படிக்கும்போது எழுத்து மங்கி, கண்ணைச் சிமிட்டினால் தெளிகிறதா? பெரும்பாலும் வறட்சிதான். அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் அலர்ஜியாக இருக்கலாம். மஞ்சளாகப் பீளை கட்டி காலையில் இமை ஒட்டிக்கொண்டால் தொற்றாக இருக்கலாம்.

கடும் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சம் பார்க்கவே முடியாத கூச்சம், கல் சில்லு தெறித்தது, இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். சுண்ணாம்போ பூச்சிமருந்தோ பட்டுவிட்டால் அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரில் இருபது நிமிடமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் கிளம்புங்கள்.

காற்றையும் தூசியையும் தடுங்கள்

ஃபேன், ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி படுக்கையையோ நாற்காலியையோ திருப்பிப் போடுங்கள். பைக்கில் ஹெல்மெட் வைசரை இறக்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் இந்த ஒன்றே நல்ல வித்தியாசம் காட்டும். பட்டறையில் சாதாரணக் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

ஒத்தடம்

எல்லாவற்றிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பணச் செலவு கிடையாது. ஆனால் பலரும் அவசரமாகச் செய்து, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

சுத்தமான பருத்தித் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துண்டு போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாகச் சுட வேண்டும், கையை இழுக்க வைக்கக்கூடாது. கண்ணை மூடி இமை மேல் வையுங்கள். ஈரத்துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், ஆறிய துணி எண்ணெயை இளக்காது. அதனால் ஒன்று கண்மேல் இருக்கும்போதே அடுத்ததை வெந்நீரில் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். மொத்தம் 5 முதல் 10 நிமிடம்.

சூடு ஆறுவதற்குள் இமையை நீவ வேண்டும். கீழே பார்த்தபடி மேல் இமையை மேலிருந்து முடி வரிசையை நோக்கி விரல் நுனியால் நீவுங்கள். பிறகு மேலே பார்த்தபடி கீழ் இமையைக் கீழிருந்து மேலாக நீவுங்கள். கண்ணுருண்டையை அழுத்த வேண்டாம். கடைசியாக, நனைத்த சுத்தமான பஞ்சால் இமை விளிம்பைத் துடைத்துவிடுங்கள். பார்வை கொஞ்ச நேரம் மங்கினால் பயப்படாதீர்கள், தெளிந்துவிடும். காலையும் இரவும் செய்யுங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். சரியான பிறகும் நாளுக்கு ஒரு வேளையாவது தொடருங்கள்.

திரை பார்ப்பவர்களுக்கு

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது சிமிட்டுகிறோம். போன் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதிலும் இமை முழுதாக மூடுவதில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பாருங்கள். அப்போதே இமையை முழுதாக மூடி மூடித் திறங்கள். திரை கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், அதுவும் உதவும்.

சொட்டு மருந்து

மருந்துக்கடையில் செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் உள்ளது பரவலாகக் கிடைக்கும். கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி எங்கும் படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். திறந்த பாட்டில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான், லேபிளைப் பாருங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாததைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் பொருளே கண்ணை உறுத்தும்.

கண் சிவப்பை உடனே வெளுக்கும் சொட்டு வேண்டாம், நிறுத்தியதும் சிவப்பு திரும்பி வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக்கொடுத்த சொட்டு வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால், டாக்டர் பார்வையில்லாமல் தொடர்ந்து விடும்போது கண் அழுத்தம் ஏறி பார்வையே போகலாம், கண்புரையும் வரலாம். தாய்ப்பால், தேன், கடையில் வாங்கிய விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். சில கண் மருந்துகளில் விளக்கெண்ணெய் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது கிருமி நீக்கியது. அடுக்களைப் பாட்டில் அப்படியல்ல.

எப்போது டாக்டரிடம்?

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. இமையில் சிறு காகிதத் துண்டை மாட்டி 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்கள். சாயச் சொட்டு விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்க்கலாம். எதுவும் வலிக்காது.

வாயும் சேர்ந்து வறண்டாலோ மூட்டு வலி இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள், அது ஷோக்ரன் என்ற நோயாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, மாதவிடாய் நின்றது எல்லாமே கண்ணீரைப் பாதிக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகளும் கண்ணைக் காயவைக்கும். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.